கட்டைச்சுவர்: ஸ்பேனர் கொடுத்த ரசிகன்

கிரிக்கெட் ரசிகனாகப் பிறந்தவன் பாக்கியவான் பாஸ்! டீக்கடையில் பக்கத்தில் நிற்கிற முகம் தெரியாத ஆளிடம்கூட, ‘ஸ்கோர் என்னண்ணே?’ என்று கேட்கலாம். ஸ்கோரும் வரும், ‘அந்த ஷாட்டை அவன் ஆடியிருக்கவே கூடாது தம்பி’ என்று இலவச விமர்சனமும் வரும். ஆனால், ஃபார்முலா ஒன் ரசிகனின் கதி? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் எல்லாரும் படம் பார்க்க ரிமோட்டைப் பிடுங்க, ‘இன்னும் பன்னிரண்டே லேப்புதாம்மா’ என்று கெஞ்ச வேண்டும். ‘சுத்திச் சுத்தி அதே எடத்துக்குத்தான வர்றானுங்க... எதுக்கு இவ்ளோ அவசரம்?’ என்று பாட்டி ஒரு கேள்வி கேட்பார். எந்த சாம்பியன் வந்தாலும் அதற்குப் பதில் சொல்ல முடியாது!

ரக்பி ரசிகன் பாடு இன்னும் திண்டாட்டம். ‘இது ஃபுட்பாலா, கபடியா, இல்ல கல்யாணப் பந்தியில எடம் புடிக்கிற சண்டையா?’ என்று ரூம்மேட் கேட்பான். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம், ஆனால் கையால் முன்னால் பாஸ் பண்ணக் கூடாது, எதிர் டீமின் எல்லைக்கோட்டைத் தாண்டி பந்தைத் தரையில் அழுத்தினால் 5 பாயின்ட், அதற்குப் பெயர் ‘ட்ரை’ என்றெல்லாம் விளக்கி முடிப்பதற்குள் ஹாஃப் டைம் வந்துவிடும்.

நம்ம கட்டைச்சுவர் கோஷ்டியில் இந்த ரெண்டு அபூர்வப் பிறவிகளும் உண்டு. ஒருத்தன் ‘ஃபெராரி’. ஓட்டுவது என்னவோ அவங்க அப்பாவோட பழைய டி.வி.எஸ். ஃபிஃப்டி. இன்னொருத்தன் ‘ஸ்க்ரம்’. ரக்பியில் ரெண்டு டீமிலும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் கோத்து, குனிந்து, முட்டித் தள்ளுவார்களே... அதுதான் ஸ்க்ரம். ஹாஸ்டல் மெஸ்ஸில் பரோட்டா போடுகிற நாளில் இவன் க்யூவில் நிற்கிற அழகைப் பார்த்து வைத்த பெயர்! மூணாவது ஆள் ‘டாக்டரம்மா’. பிசியோதெரபி மூன்றாம் ஆண்டு. எந்த டீமுக்கும் ரசிகை இல்லை. யார் கீழே விழுந்தாலும் எந்த எலும்பு என்று மட்டும் கேட்பாள்.

ஃபெராரியும் ஸ்க்ரமும் எதிலுமே ஒத்துப்போக மாட்டார்கள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கைகோத்துக்கொள்வார்கள். ‘அந்தக் காலத்து த்ரில் இப்ப இல்ல மச்சி!’

‘‘டிரைவர் தலைக்கு மேல ஹவாய் செருப்பு வார் மாதிரி ஒண்ணை மாட்டி வெச்சிருக்கானுங்க. ஹாலோவாம்! எவன் ஓட்டுறான்னே தெரியல. சிங்கத்தைக் கூண்டுக்குள்ள வெச்சு ரேஸ் விட்ட மாதிரி இருக்கு’’ என்பான் ஃபெராரி.

‘‘உங்க கதை பரவால்லடா. எங்க ஆட்டத்துல தோள்பட்டைக்கு மேல கை பட்டாலே விசில். கொஞ்சம் பலமா மோதினா ரெட் கார்டு. 2023 வேர்ல்டு கப் ஃபைனல்ல நியூஸிலாந்து கேப்டனையே வெளிய அனுப்பிட்டாங்க. ரக்பியை பரதநாட்டியம் ஆக்கிட்டானுங்க!’’ என்பான் ஸ்க்ரம்.

டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்விதான். ‘‘ஏன்டா, நீங்க ஆட்டத்தைப் பாக்குறீங்களா, ஆக்சிடென்ட்டைப் பாக்குறீங்களா?’’

பையன்கள் ரெண்டு பேரும் கப்சிப். கேள்வி நியாயமானது என்பதால், இந்த வாரம் அதையே கொஞ்சம் தோண்டிப் பார்த்துவிடலாம். முதலில் ஃபெராரி கட்சி.

25 நிமிடம், ஒரு ஸ்பேனர்

‘அந்தக் காலம்’ என்கிறார்களே, அது எப்படி இருந்தது?

1966 ஜூன். பெல்ஜியத்தில் ஸ்பா ரேஸ். இன்றைக்கு இருப்பது போல வேலி கட்டிய மைதானம் இல்லை. வீடுகள், மரங்கள், தந்திக் கம்பங்கள் ஓரமாக நிற்கிற சாதாரண ஊர் ரோடு, ஒரு சுற்றுக்குச் சுமார் 14 கிலோமீட்டர். முதல் லேப்பிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஸ்காட்லாந்துக்காரர் ஜாக்கி ஸ்டூவர்ட்டின் கார் தடம் புரண்டு, மோதி, நசுங்கி நின்றது. ஸ்டியரிங் வீல் காலை அமுக்கிக்கொண்டது. டேங்க் உடைந்து பெட்ரோல் உடம்பெல்லாம் வழிகிறது. ஒரே ஒரு பொறி போதும், கதை முடிந்தது.

ஓடிவந்து காப்பாற்ற வேண்டிய ஆட்கள்? இல்லை. கருவிகள்? இல்லை. அதே மழையில் வழுக்கி நின்றுபோன வேறு ரெண்டு டிரைவர்கள், கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரன்ட்டும்தான் ஓடி வந்தார்கள். ஸ்டியரிங்கைக் கழற்ற ஒரு ஸ்பேனர் வேண்டும். அதைக் கொடுத்தது ரேஸ் நடத்தியவர்கள் இல்லை பாஸ். வேடிக்கை பார்க்க வந்த ஒரு ரசிகர்! அவரிடம் கடன் வாங்கிய ஸ்பேனரால் ஸ்டியரிங்கைக் கழற்றி ஸ்டூவர்ட்டை வெளியே இழுக்கக் கிட்டத்தட்ட 25 நிமிடம் ஆனது. அப்புறம் ஏற்றிய ஆம்புலன்ஸும் ஆஸ்பத்திரிக்கு வழி தெரியாமல் சுற்றியது.

அதற்குப் பிறகு ஸ்டூவர்ட் தன் காரில் ஒரு ஸ்பேனரை ஒட்டி வைத்துக்கொண்டுதான் ரேஸுக்கே போனார். சீட் பெல்ட் வேண்டும், தடுப்பு வேண்டும், டாக்டர் வேண்டும் என்று ஊர் ஊராகச் சண்டை போட்டார். கைதட்டல் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? ‘பயந்தாங்கொள்ளி’ என்றார்கள். ‘ரேஸின் அழகையே கெடுக்கிறான்’ என்றார்கள். அந்தப் பயந்தாங்கொள்ளிதான் 1969, 1971, 1973 என்று மூன்று தடவை உலக சாம்பியன். 1973-ல் தன் டீமில் கூடவே ஓட்டிய ஃபிரான்சுவா செவேர் பயிற்சியின்போது இறந்துபோக, தனது நூறாவது ரேஸாக இருந்திருக்க வேண்டியதை ஓட்டாமலே ஸ்டூவர்ட் விலகிவிட்டார்.

‘த்ரில் போச்சு’ என்கிற புலம்பல் ஹாலோவோடு பிறந்தது இல்லை மக்களே. சீட் பெல்ட்டுக்கே புலம்பியிருக்கிறார்கள்!

செருப்பு வார் காப்பாற்றிய உயிர்

1994 மே 1, இத்தாலியின் இமோலா. அயர்ட்டன் சென்னா இறந்த நாள். அதற்கு முந்தின நாள்தான் அதே டிராக்கில் ஆஸ்திரியாவின் ரோலண்ட் ராட்ஸென்பெர்கர் இறந்திருந்தார். அடுத்தடுத்த ரெண்டு சாவுகள் ஃபார்முலா ஒன்னை உலுக்கிப் போட்டன. டிராக், கார், ஹெல்மெட் என்று ஒவ்வொன்றாக மாற ஆரம்பித்தது.

‘ஹான்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. தோளில் மாட்டும் காலர் போல இருக்கும். அதிலிருந்து ரெண்டு வார்கள் ஹெல்மெட்டோடு இணைந்திருக்கும். எதற்கு? கார் பட்டென்று மோதி நிற்கும்போது பெல்ட் உடம்பைப் பிடித்துக்கொள்கிறது. தலையை யார் பிடிப்பது? அது அதே வேகத்தில் முன்னால் பாய்கிறது. கழுத்து இழுபட்டு மண்டையின் அடி எலும்பு உடைகிறது. அமெரிக்காவில் பயோமெக்கானிக்ஸ் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டும், அவர் மச்சான் ரேஸ் டிரைவர் ஜிம் டவுனிங்கும் சேர்ந்து 1980-களிலேயே இதற்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். ‘உறுத்துது, தலையைத் திருப்ப முடியல’ என்று பல டிரைவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். 2001 பிப்ரவரியில் டேட்டோனாவில் அமெரிக்காவின் நாஸ்கார் நட்சத்திரம் டேல் எர்ன்ஹார்ட் அதே எலும்பு உடைந்து இறந்த பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். அந்த வருடமே நாஸ்காரில் தலை-கழுத்துப் பாதுகாப்பு கட்டாயம். ஃபார்முலா ஒன்னில் 2003 முதல் கட்டாயம்.

அடுத்தது ஃபெராரி திட்டுகிற ஹாலோ. 2014-ல் ஜப்பானின் சுசுகாவில் ஜூல்ஸ் பியாங்கியின் கார், மழையில் வழுக்கி ஒரு மீட்பு வாகனத்துக்கு அடியில் போய் மோதியது. ஒன்பது மாதம் கோமாவில் இருந்து 2015-ல் இறந்தார். தலைக்கு என்னதான் பாதுகாப்பு என்ற கேள்வி பெரிதானது. 2018-ல் ஹாலோ வந்தது. டைட்டானியம். எடை சுமார் 7 கிலோ. தாங்குவது கிட்டத்தட்ட 12 டன். ரசிகர்கள் மட்டும் இல்லை, மெர்சிடிஸ் டீமின் தலைவர் டோட்டோ வோல்ஃப்கூட, ரம்பம் கொடுத்தால் அறுத்தே எறிந்துவிடுவேன் என்கிற ரீதியில் பேசினார். ஹாலோ வேண்டாம் என்ற டிரைவர்களில் ஒருவர், ஃபிரான்ஸின் ரொமெய்ன் க்ரோஷான்.

2020 நவம்பர் 29, பஹ்ரைன். அதே க்ரோஷானின் கார், மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தில் இரும்புத் தடுப்பில் மோதி, அதைப் பிளந்துகொண்டு உள்ளே போனது. கார் ரெண்டு துண்டு. குப்பென்று தீப்பிழம்பு. தலை இருந்த இடத்தில் இரும்புத் தகடு. அதை விலக்கி நின்றது அந்த ‘செருப்பு வார்’தான்! கிட்டத்தட்ட 28 விநாடி நெருப்புக்குள் இருந்துவிட்டு, கைகளில் தீக்காயத்தோடு அவரே ஏறி வெளியே வந்தார். முதல் லேப்பில் கார்களின் பின்னாலேயே ஓடுகிற டாக்டர் கார் அதற்குள் அங்கே வந்து நின்றுவிட்டது. 1966-ல் 25 நிமிடம். 2020-ல் சில விநாடிகள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தே, ஹாலோ இல்லையென்றால் உங்களோடு பேசிக்கொண்டிருக்க மாட்டேன் என்றார் க்ரோஷான்.

இதைக் கேட்டுவிட்டு ஃபெராரி முனகினான். ‘‘சரி, காப்பாத்துது. ஆனா பாக்க நல்லா இல்லையே...’’

டாக்டரம்மா விடவில்லை. ‘‘பல்லுக்குப் போடுற கிளிப்புகூடத்தான் பாக்க நல்லா இல்ல. நீ போடலையா?’’

கோவைக்காரரின் 5 பாயின்ட்

‘அதெல்லாம் வெளிநாட்டுக் கதை’ என்று நினைப்பவர்களுக்கு நம்ம கோயம்புத்தூர் கதை ஒன்று.

ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஜோர்டான் டீம். அவர் ஃபார்முலா ஒன்னில் மொத்தமாக எடுத்தது 5 பாயின்ட். அந்த ஐந்தும் ஒரே ரேஸில், 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் வந்தது. நாலாவது இடம்!

எப்படி? அந்த டிராக்கின் சரிவான கடைசி வளைவில் மிஷலின் டயர்கள் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை பயிற்சியிலேயே ரால்ஃப் ஷூமாக்கரின் கார் டயர் போய் சுவரில் மோதியது. இந்த டயரில் முழு ரேஸும் ஓட்டுவது ஆபத்து என்று கம்பெனியே சொல்லிவிட்டது. வேகத்தைக் குறைக்க வளைவில் மாற்றம் செய்யலாமா, வேண்டாமா என்று பெரிய தலைகள் அடித்துக்கொண்டதில் முடிவே வரவில்லை. கடைசியில் மிஷலின் போட்ட 14 கார்களும் ஒரு சுற்று வந்துவிட்டு ஓரங்கட்டிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட 6 கார்கள் மட்டும் ஓடின. அதில் ஒன்று நரேனுடையது.

காலரியில் ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். கூச்சல், டிராக்கில் பாட்டில் வீச்சு. காசு கொடுத்து, லீவு போட்டு, ஊர்விட்டு ஊர் வந்தவனின் கோபம் நியாயம்தான். அப்புறம் மிஷலின் டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால், அந்தக் கோபம் யார் மேல் போக வேண்டும்? டயர் சரியில்லை என்று தெரிந்தும் ஒரு வழி கண்டுபிடிக்காத பெரிய மனிதர்கள் மேல். ‘வெடிக்கிற டயரில் ஓட்ட மாட்டேன்’ என்று இறங்கிப்போன டிரைவர் மேல் இல்லை. ரசிகன் அடிக்கடி கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். ஆட்டம் கெட்டுப்போனால், கெடுத்தவனை விட்டுவிட்டு ‘முடியாது’ என்று சொன்னவனைத் திட்டுகிறோம்.

டிபன் பாக்ஸும் தயிர்சாதமும்

இப்போது ஸ்க்ரம் கட்சி. ‘‘ரேஸ்ல உயிரு போகும், ஒத்துக்கறேன். ரக்பில என்ன? கொஞ்சம் மூக்கு உடையும், காது வீங்கும். தையல் போட்டுட்டு வந்து ஆடுவாங்க. அதான கெத்து?’’

டாக்டரம்மா பக்கத்தில் இருந்த எவர்சில்வர் டிபன் பாக்ஸை எடுத்து ஒரு உலுக்கு உலுக்கினாள். ‘‘பாக்ஸ் நெளிஞ்சுதா? இல்ல. உள்ள இருந்த தயிர்சாதம் எங்க இருக்கு பாரு. ஒரு மூலையில அப்பிக் கெடக்கு. மண்டைக்குள்ள மூளையும் அப்படித்தான். வெளிய ஒரு கீறல் இருக்காது. உள்ள மூளை குலுங்கி இழுபட்டிருக்கும். இதுதான் கன்கஷன். மயக்கம் போட்டுத்தான் விழணும்னு அவசியமே இல்ல.’’

ரேஸுக்கும் ரக்பிக்கும் இருக்கிற பெரிய வித்தியாசம் இங்கேதான். ரேஸில் தலையைச் சுற்றி ஒரு காரையே கட்டலாம். ரக்பியில் சில வீரர்கள் மாட்டுகிற மெத்தென்ற தொப்பி, காது கிழியாமல் காக்கும். மூளை குலுங்குவதைத் தடுக்காது. அதைவிட முக்கியம், ரேஸில் விபத்து நம் கண் முன்னால் நடக்கிறது. உலகமே பார்க்கிறது, அடுத்த வருடம் விதி மாறுகிறது. ரக்பியில் அடியின் பில் பதினைந்து, இருபது வருடம் கழித்து வருகிறது. அப்போது ஸ்டேடியத்தில் யாரும் இல்லை. கைதட்டிய ரசிகன் வேறு ஆளுக்குக் கைதட்டிக்கொண்டிருக்கிறான்.

2003 நவம்பர் 22, சிட்னி. ரக்பி உலகக் கோப்பை ஃபைனல். கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் ஜானி வில்கின்சன் காலால் தட்டிய பந்து கம்பங்களுக்கு நடுவே பறக்க, இங்கிலாந்து 20-17 என்று ஆஸ்திரேலியாவை வென்றது. ரக்பி பார்க்கிறவன் எவனும் மறக்காத நொடி. அந்த டீமில் ஸ்க்ரம்மின் நடு ஆள் ஸ்டீவ் தாம்ப்சன். 2020 டிசம்பரில் அவர் வெளியே சொன்னார்: 42 வயதில் தனக்கு மறதி நோய். அந்த உலகக் கோப்பையை ஜெயித்ததே நினைவில் இல்லை. டி.வி.யில் போட்டுப் பார்த்தால் தான் அங்கே நிற்பது தெரிகிறது, ஆனால் அங்கே இருந்த ஞாபகம் இல்லை!

உலகமே ஞாபகம் வைத்திருக்கிற ஒரு வெற்றி. ஜெயித்தவருக்கு மட்டும் இல்லை.

தாம்ப்சன் தனி ஆள் இல்லை. வேல்ஸின் அலிக்ஸ் போப்ஹாம், ரயன் ஜோன்ஸ், நியூஸிலாந்தின் கார்ல் ஹேமன் என்று நாற்பது வயதை ஒட்டியவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எங்களை ஒழுங்காகக் காப்பாற்றவில்லை என்று ஏராளமான முன்னாள் வீரர்கள் ரக்பி அமைப்புகள் மேல் வழக்குப் போட்டார்கள். 1995-ல் ரக்பி யூனியன் சம்பளம் வாங்கி ஆடுகிற ஆட்டம் ஆனது. அதன் பிறகு உடம்பு பெருத்தது, வேகம் கூடியது, மோதல் பலமானது. விதிகள் மட்டும் மெதுவாகத்தான் பின்னால் வந்தன.

2013-ல் சிட்னியில் நடந்த ஆட்டம் ஒன்றில் ஆஸ்திரேலியாவின் ஜார்ஜ் ஸ்மித், தலையோடு தலை மோதித் தள்ளாடியபடி வெளியே போனார். சுமார் ஐந்தே நிமிடத்தில் திரும்பவும் ஆட வந்துவிட்டார். அன்றைக்கு இருந்த பரிசோதனைக்கு ஐந்து நிமிடம்தான் நேரம்! உலகம் முழுக்கத் திட்டு விழுந்தது. இப்போது அது பத்துப் பன்னிரண்டு நிமிடப் பரிசோதனை, வெளியே தள்ளாடுவது அப்பட்டமாகத் தெரிந்தால் பரிசோதனையே கிடையாது, நேராக உட்கார வேண்டியதுதான். 2024 முதல் பெரிய போட்டிகளில் பல்லில் கடிக்கிற மவுத்கார்டிலேயே ஒரு சென்சார். தலை எவ்வளவு பலமாக ஆடியது என்று கோட்டுக்கு வெளியே நிற்கிற டாக்டருக்கு உடனே சிக்னல் போகும்.

அந்த சிவப்பு அட்டை

ஸ்க்ரம் மனசு ஆறாத அந்த ஃபைனலுக்கு வருவோம். 2023 அக்டோபர் 28, பாரிஸ் பக்கத்தில். நியூஸிலாந்து கேப்டன் சாம் கேன், தென்னாப்பிரிக்காவின் ஜெஸி கிரீலைப் பிடிக்கப் போனபோது தோள் தலையில் பட்டது. முதலில் மஞ்சள் அட்டை, மறுபார்வையில் சிவப்பு. ஆண்கள் உலகக் கோப்பை ஃபைனலில் சிவப்பு அட்டை வாங்கிய முதல் வீரர். மீதி ஆட்டம் முழுக்க 14 பேர். தென்னாப்பிரிக்கா 12-11 என்று ஒரே பாயின்ட்டில் ஜெயித்தது.

‘‘அந்த ஒரு பாயின்ட்டு மச்சி! அவன் வேணும்னா பண்ணான்?’’ என்று இன்னமும் கேட்கிறான் ஸ்க்ரம். வேண்டுமென்று பண்ணவில்லைதான். ஆனால், அந்த விதி கெட்ட எண்ணத்துக்குத் தண்டனை இல்லை. எல்லாரையும் கொஞ்சம் கீழே குனிந்து பிடிக்கப் பழக்குவதற்கான விலை. ஃபைனலில் விசில் ஊதத் தயங்கினால், லீக் மேட்சில் எவன் குனிவான்?

ஸ்க்ரம் சொன்ன இன்னொரு பாயின்ட் சரியானது. அதையும் சொல்லிவிட வேண்டும். ‘‘இடுப்புக்குக் கீழ புடிடான்னா, புடிக்கிறவன் தலை ஓடுறவன் முட்டியில போய் இடிக்காதா?’’ டேக்கிளில் பந்தோடு ஓடுகிறவனைவிடப் பிடிக்கிறவனுக்குத்தான் தலையில் அதிகம் அடிபடுகிறது என்பது உண்மை. 2023 ஜனவரியில் இங்கிலாந்தில் கிளப், பள்ளி ஆட்டங்களுக்கு ‘இனி இடுப்பளவுக்கு மேல் பிடிக்கக் கூடாது’ என்று திடீரென அறிவித்தார்கள். யாரையும் சரியாகக் கேட்காமல் அறிவித்ததால் ரசிகர்களும் வீரர்களும் கையெழுத்து வேட்டையில் இறங்க, அமைப்பு மன்னிப்புக் கேட்டுவிட்டு, நெஞ்செலும்பின் அடிப்பகுதி வரை பிடிக்கலாம் என்று மாற்றியது. பாருங்க, ரசிகன் குரல் கொடுத்தால் விதி நிமிரவும் செய்கிறது. எதற்காகக் குரல் கொடுக்கிறோம் என்பதுதான் விஷயம். ‘இது பலன் தருமா?’ என்று கேட்பது வேறு. ‘த்ரில் போச்சே’ என்று அழுவது வேறு.

நம்ம கிரவுண்டு

‘நாங்க ஃபார்முலா ஒன்னும் ஓட்டல, ரக்பியும் ஆடல. எங்களுக்கு எதுக்கு பாஸ் இதெல்லாம்?’ என்று கேட்பீர்கள். இருங்க.

2023-ல் மட்டும் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ரெண்டு உயிர்கள் போயின. ஜனவரியில் கார் ரேஸில் 59 வயது மூத்த வீரர். ஆகஸ்ட்டில் பைக் ரேஸில் 13 வயதுச் சிறுவன். 2024 ஆகஸ்ட் 31-ல் தீவுத்திடலைச் சுற்றி சென்னைத் தெருக்களில் நடந்த ஃபார்முலா ஃபோர் இரவு ரேஸின் முதல் நாள், பாதுகாப்புச் சான்றிதழ் வரத் தாமதமாகி நிகழ்ச்சிகள் தள்ளிப்போயின. காத்திருந்த கூட்டம் முணுமுணுத்தது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் விசில் ஊதியிருந்தால்தான் முணுமுணுத்திருக்க வேண்டும். ரக்பியும் தூரத்து ஊர் ஆட்டம் இல்லை இப்போது. 2025-ல் இந்தியாவில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக் கோப்பை, சென்னை புல்ஸ் கையில்!

இன்னொன்று. மூளை குலுங்க ரக்பி தேவையில்லை. கபடியில் முட்டி இடிக்கலாம். ஃபுட்பாலில் ரெண்டு பேர் ஒரே பந்துக்கு எம்பலாம். கிரிக்கெட்டில் பவுன்ஸர் ஹெல்மெட்டில் படலாம். 2019-ல் லார்ட்ஸில் ஆர்ச்சர் பந்து பட்ட ஸ்டீவ் ஸ்மித்துக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் இறங்கினாரே... சர்வதேச கிரிக்கெட்டின் முதல் ‘கன்கஷன் மாற்று வீரர்’ அவர்தான். ஆனால், நம்ம இன்டர்-டிபார்ட்மென்ட் மேட்சில் சென்சாரும் கிடையாது, டாக்டரும் கிடையாது. கோட்டுக்கு வெளியே நாம்தான் இருக்கிறோம்.

அடிபட்டு உட்கார்ந்தவனைப் பார்த்து நாம் என்ன கத்துகிறோம்? ‘எந்திரிடா! ஒண்ணும் இல்லடா! டிபார்ட்மென்ட் மானம் போவுதுடா!’ 2011-ல் வட அயர்லாந்தில் ஒரு பள்ளி ரக்பி மேட்ச். 14 வயது மாணவன். ஒரே ஆட்டத்தில் தலையில் ஒன்றுக்கு மேற்பட்ட அடிகள். யாரும் அவனை வெளியே எடுக்கவில்லை. ஆட்டம் முடிகிற நேரத்தில் சுருண்டு விழுந்தவன் பிழைக்கவில்லை. முதல் அடியில் குலுங்கிய மூளை தேறுவதற்குள் ரெண்டாவது அடி விழுந்தால் ஆபத்து பல மடங்கு. முதல் அடியிலேயே அவனை உட்கார வைத்திருந்தால்?

அதனால், டாக்டரம்மா சொல்லிக்கொடுத்ததை அப்படியே தருகிறேன். கத்தரித்து வைத்துக்கொள்ளுங்க. தலையில் அடிபட்டவனிடம் கேட்க வேண்டியது: ‘இது எந்த கிரவுண்டு? இப்ப எந்த ஹாஃப்? கடைசியா யாரு ஸ்கோர் பண்ணா? போன மேட்ச் யாரோட ஆடினோம்?’ ஒன்றில் தடுமாறினாலும் ஆட்டம் குளோஸ். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னாலும் தலைவலி, தலைசுற்றல், கண் மங்கல், குமட்டல், நடையில் தள்ளாட்டம் என்று ஏதாவது இருந்தால் அப்போதும் குளோஸ். சந்தேகமா? உட்கார வை. தனியாக விடாதே. பைக் சாவியை வாங்கி வை. அன்றைக்கே டாக்டரிடம் காட்டு. வாந்தி, தாங்க முடியாத தலைவலி, குழறல், வலிப்பு, எழுப்பினால் எழாத தூக்கம் என்றால் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் ஆஸ்பத்திரி. அடுத்த மேட்சும் டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான்.

அவன் உங்களைத் திட்டுவான். ‘நல்லாத்தான்டா இருக்கேன், விடுடா’ என்பான். கேப்டன் முறைப்பான். எதிர் டிபார்ட்மென்ட் ‘ஓஓ’ போடும். ஜாக்கி ஸ்டூவர்ட்டையே பயந்தாங்கொள்ளி என்ற உலகம் இது, உங்களை விடுமா? விட வேண்டாம். மேட்ச் தோற்றால் அடுத்த செமஸ்டரில் இன்னொன்று வரும்.

ஸ்பாவில் அன்றைக்கு ஸ்பேனர் நீட்டிய அந்த ரசிகரின் பெயர் எந்த ரெக்கார்டு புத்தகத்தின் ஸ்கோர் பட்டியலிலும் இருக்காது. ஆனால், மூன்று சாம்பியன் பட்டங்கள் அந்த 25 நிமிடத்தோடு எரிந்துபோகாததில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. கிரவுண்டுக்குப் போகும்போது விசில் எடுத்துட்டுப் போங்க, கொடி எடுத்துட்டுப் போங்க. கூடவே ஒரு ஐஸ் பேக்கும், பக்கத்து ஆஸ்பத்திரி நம்பரும்.

அடுத்த வாரம் வேற மேட்டரோட சுவர் ஏறுவோம். வர்ட்டா!